டெபாசிட் இரண்டு வகை: அப்பாவின் பழைய ஃபைலும் மூன்று டெண்டர் சொற்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். சட்டப் புத்தகங்களைப் படிப்பது சனி, ஞாயிறு வேலை. அதனால் இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்ததன் குறிப்பு, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புராஜெக்டில் ஒப்பந்ததாரர்களின் கணக்கைப் பதியும் மென்பொருள் எழுதினோம். ஈ.எம்.டி. என்று ஒன்று, செக்யூரிட்டி டெபாசிட் என்று ஒன்று. இரண்டும் ஒப்பந்ததாரர் கட்டுகிற பணம், இரண்டும் திரும்பி வரக்கூடிய பணம். நான் இரண்டையும் 'டெபாசிட்' என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். சோதித்துப் பார்க்க வந்தவர் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ரெண்டும் ஒண்ணு இல்ல. கோர்ட்ல இதுக்கு ரொம்ப காசு செலவாகியிருக்கு" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை. கட்டத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அந்த வாக்கியம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் அப்பாவின் பழைய ஃபைல் ஒன்று கிடைத்தது. அப்பா ஐந்தாம் வகுப்பு ஒப்பந்ததாரர். சின்னச் சின்ன வேலைகள்: மடை கட்டுவது, கலுங்கு பழுது பார்ப்பது, சுற்றுச்சுவர். அந்த ஃபைலில் மூன்று விஷயங்கள் இருந்தன. பறிபோன ஒரு ஈ.எம்.டி. பற்றிய கடிதம். ஆறு தடவை நடந்து திரும்ப வாங்கிய ஒரு செக்யூரிட்டி டெபாசிட்டின் ரசீது. மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. அதற்கு எந்த ஆபீஸ் காகிதமும் இல்லை. ஆட்களின் பெயர், கூலி, மணல் மூட்டை எத்தனை, சவுக்குக் கட்டை எத்தனை என்று அப்பாவின் கையெழுத்தில் இருந்தது.

இந்த மூன்றுக்கும் சட்டத்தில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ ஒருவர் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெண்டர் என்றால் யார் கேட்பது, யார் கொடுப்பது?

'அரசு டெண்டர் விட்டிருக்கிறது' என்றுதான் நாம் பேசுகிறோம். சட்டப்படி அது தலைகீழ். டெண்டர் கொடுப்பது ஒப்பந்ததாரர். அரசு பேப்பரில் போடுவது வெறும் அழைப்பு. 'நீட்டுவது' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. நாம் விலையை எழுதி நீட்டுகிறோம்; அதுதான் 'முன்மொழிவு'. அவர்கள் எடுத்துக்கொண்டால் 'ஏற்பு'. இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம். இதற்கான அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது.

தமிழில் 'ஒப்பந்தப்புள்ளி' என்று போடுகிறார்கள். புள்ளி என்றால் இங்கே தொகை, கணக்கு. யோசித்துப் பார்த்தால் இது ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவானது. 'ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது' என்னும்போது கேட்பது யார், கொடுப்பது யார் என்பதில் குழப்பமே இல்லை.

இதில் ஒரு சிக்கல். ஏற்கப்படும் வரை முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. அப்படியானால் பத்துப் பேர் விலை எழுதிப் போட்டுவிட்டு, கவர் பிரித்த பிறகு குறைந்த விலைக்காரர் 'நான் வரவில்லை' என்று போய்விட்டால்? அதைத் தடுக்கத்தான் ஈ.எம்.டி.

அச்சாரம்

ஈ.எம்.டி.யில் உள்ள முதல் சொல் 'ஏர்னஸ்ட்'. ஆங்கிலத்தில் அதற்கு 'மெய்யான அக்கறை' என்றும் பொருள் உண்டு என்பதால், 'அக்கறையைக் காட்டும் பணம்' என்று நானும் நினைத்திருந்தேன். தவறு. இந்த 'ஏர்னஸ்ட்' வேறு குடும்பம். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'அர்ரா', அதற்கு முன் கிரேக்க 'அர்ரபோன்', அதற்கும் முன் ஒரு செமிட்டிக் மொழிச் சொல். எபிரேயத்தில் 'எராவோன்' என்றால் ஈடு, பிணை. வியாபாரிகளோடு கப்பல் ஏறிக் கரை மாறிய சொல்.

நம்மிடம் இருப்பது அச்சாரம். வீடு பேசி முடித்தால், மேளக்காரரை அமர்த்தினால், ஒரு தொகை கையில் கொடுக்கிறோமே, அதுதான். வடமொழி தர்ம சாத்திரத்தில் இதற்குச் 'சத்தியங்காரம்' என்று பெயர். பேச்சை மெய்யாக்குவது என்று பொருள். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில், சத்தியங்காரமாகப் பெற்றதை இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ரோமானியச் சட்டத்தில் ஜஸ்டினியன் காலத்துப் பாடநூலும் இதையே சொல்கிறது: வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இருமடங்கு தர வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அச்சாரம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியாக இருந்திருக்கிறது. அரசு டெண்டரில் ஒரு பக்கம்தான் வெட்டும். ஒப்பந்ததாரர் பின்வாங்கினால் பணம் போச்சு. துறை டெண்டரையே ரத்து செய்தால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும், வட்டிகூட இல்லாமல். இருமடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்பாவின் முதல் காகிதம் இதுதான். அப்போதெல்லாம் ரொக்கமாகக் கட்ட மாட்டார்கள். தபால் நிலையத்தில் சிறுசேமிப்புப் பத்திரம் வாங்கி, அதை அந்த எஞ்சினியர் பெயருக்கு ஈடாக எழுதிக் கொடுப்பார்கள். அப்பா ஒரு சுற்றுச்சுவர் வேலைக்கு விலை போட்டார். இடையில் சிமென்ட் விலை ஏறிவிட்டது. கவர் பிரித்த பிறகு, 'என்னால் முடியாது' என்று எழுதிக் கொடுத்தார். பத்திரம் போய்விட்டது.

இது நியாயமா? நியாயம்தான். 2003இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கங்கா எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சுங்கக் கட்டணம் வசூலிக்கும் டெண்டர் அது. குறிப்பிட்ட நாட்கள் வரை விலை செல்லும் என்று ஒத்துக்கொண்டு பணம் கட்டியவர், அந்த நாட்களுக்குள்ளேயே பின்வாங்கினார். முன்மொழிவைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு, ஆனால் பணத்தைப் பறிமுதல் செய்யும் உரிமை ஆணையத்துக்கும் உண்டு என்றது நீதிமன்றம். அந்தப் பணத்தின் வேலையே அதுதானே, ஆள் பின்வாங்காமல் பார்த்துக்கொள்வது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அது என் தப்புதான். நான் எப்பவும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

உருளைக்கிழங்கு, முட்டை, மீன்

இப்போது இரண்டாவது காகிதம். செக்யூரிட்டி டெபாசிட். வேலை கிடைத்த பிறகு, அதை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்குக் கட்டுவது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் வெளியானபோது, ஈ.எம்.டி. மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம், இந்தக் காப்புத் தொகை ஒப்பந்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம் என்று இருந்தது. முதலாவது ஒப்பந்தத்துக்கு முன்னால். இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் பின்னால். என் மென்பொருளில் நான் ஒரே கட்டத்தில் போட்டது இந்த இரண்டையும்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்டியவர் மௌலா பக்ஷ். 1947இல் இவர் இந்திய அரசோடு இரண்டு ஒப்பந்தம் போட்டார். ஐக்கிய மாகாணத்தில் இருந்த ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு தருவதற்கு 10,000 ரூபாய் கட்டினார். கோழி, முட்டை, மீன் தருவதற்கு 8,500 ரூபாய் கட்டினார். அவரால் சரியாகச் சரக்குக் கொடுக்க முடியவில்லை. அந்த வருஷக் கடைசியில் அரசு இரண்டு ஒப்பந்தங்களையும் ரத்து செய்து, 18,500 ரூபாயையும் பறிமுதல் செய்தது. ஒப்பந்தத்தில் அப்படிச் செய்யலாம் என்று எழுதியும் இருந்தது.

அவர் லக்னோவில் வழக்குப் போட்டார். ரத்து செய்தது சரி, ஆனால் அரசுக்கு நஷ்டம் எதுவும் இல்லாதபோது பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று முதல் நீதிமன்றம் கருதியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருக்கு நானூற்றுச் சொச்சம் ரூபாய் மட்டும் போதும் என்றது. 1969 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஜே.சி. ஷா தீர்ப்பு எழுதினார். ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்காகக் கட்டிய பணம் அச்சாரம் ஆகாது. அதைப் பறிமுதல் செய்வது அபராதம் போடுவதற்குச் சமம். அபராதம் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு வரும். நியாயமான இழப்பீடு மட்டும்தான் எடுக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். 'நஷ்டம் நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும்' இழப்பீடு உண்டு என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அப்படியானால் அரசு ஜெயித்திருக்க வேண்டுமே? நீதிமன்றம் சொன்னது இது: நஷ்டத்தைக் கணக்குப் போடவே முடியாத ஒப்பந்தங்கள் சில உண்டு, அந்தச் சொற்கள் அவற்றுக்காக. உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் அப்படி என்ன சிரமம்? இவர் கொடுக்காதபோது வேறு இடத்தில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று அரசு காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஆகவே பணத்தைத் திருப்பிக் கொடு.

18,500 ரூபாய்க்கு இருபத்திரண்டு வருஷம்.

இதற்குப் பிறகும் கதை நிற்கவில்லை. 1982இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை ஏலம் விட்டது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் 3.12 கோடிக்குக் கேட்டு, அதில் கால் பங்கு 78 லட்சத்தை முன்பணமாகக் கட்டியது. மீதியைக் கட்டும் தேதி பற்றிய இழுபறி வருஷக்கணக்கில் போனது. 1993இல் ஆணையம் ரத்து செய்து 78 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அதே மனை 11.78 கோடிக்குப் போனது. உங்களுக்கு லாபம்தானே, நஷ்டம் எங்கே என்று 2015இல் கேட்ட உச்ச நீதிமன்றம், பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. ஒப்பந்தம் உருவான பிறகு பறிமுதல் செய்தால், 'அச்சாரம்' என்று பெயர் வைத்தாலும் 74ஆம் பிரிவிலிருந்து தப்ப முடியாது. ஒப்பந்தம் உருவாகும் முன்பே ஏல நிபந்தனைப்படி பறிமுதல் ஆனால் அந்தப் பிரிவு வராது. அந்தத் தணிக்கைப் பெரியவர் சொன்ன கோடு இதுதான் என்று அப்போது புரிந்தது.

அப்பாவின் டெபாசிட் விஷயத்தில் கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஆறு தடவை ஆபீஸுக்கு நடந்து வாங்கிவிட்டார். ரசீதின் பின்னால் ஆறு தேதிகளையும் எழுதி வைத்திருக்கிறார்.

காகிதம் இல்லாத நோட்டு

மூன்றாவதுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மழை. கண்மாய்க் கரையில் உடைப்பு. அப்போதிருந்த அதிகாரி ராத்திரி ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். "முதல்ல அடைங்க. பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்." அப்பா மூன்று நாள், இருபது முப்பது ஆட்களை வைத்து, சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை போட்டு அடைத்தார். கண்மாய் நின்றது. அடுத்த மாதம் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "வொர்க் ஆர்டர் எங்கே?" எம்.புக்கில் ஒரு வரி அளவுகூட ஏறியிருக்கவில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஆட்களுக்குக் கூலி பாக்கி வைக்கக் கூடாது என்று அப்பா சென்ட்ரிங் தகடுகளை விற்றார். தகடு போன பிறகு கான்கிரீட் வேலை எடுக்க முடியவில்லை. அதோடு ஒப்பந்தத் தொழிலே முடிந்தது.

புது அதிகாரி கேட்டதில் சட்டம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 299ஆம் பிரிவு சொல்வது: மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரால் செய்யப்படுவதாக எழுத்தில் இருக்க வேண்டும்; அவர் சார்பில், அவர் அதிகாரம் கொடுத்த ஆள், அவர் சொன்ன முறையில் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசு என்றால் குடியரசுத் தலைவர் பெயரில். இதற்கு முந்தைய வடிவம் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175ஆம் பிரிவு. காரணமும் நியாயமானதுதான். எந்த அதிகாரி வேண்டுமானாலும் வாயால் சொல்லி அரசைக் கடனாளியாக்க முடிந்தால், கஜானா தாங்காது.

ஆனால் அதற்குள் விழுந்த மனிதர்கள்? 1944, வங்காளம். பஞ்சத்துக்கு அடுத்த வருஷம். உணவு வழங்கல் துறைக்கு அவசரமாகக் கிடங்குகள் தேவைப்பட்டன. ஹூக்ளி மாவட்டம் அரம்பாக்கில் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த அதிகாரி, கூடவே ஒரு மண் சாலை, காவலர் அறை, ஆபீஸ், சமையலறை, குமாஸ்தாக்களுக்கு ஓர் அறை கட்டித் தரச் சொன்னார். கட்டினார்கள். இன்னொரு அதிகாரி வேறு இடத்தில் சரக்குக் கொட்டகைகள் கேட்டார். அதையும் கட்டினார்கள். துறை எல்லாவற்றையும் பயன்படுத்தியது. பில் வந்ததும், 175ஆம் பிரிவுப்படி ஒப்பந்தமே இல்லை என்று அரசு கையை விரித்தது. தொகை மொத்தம் பத்தொன்பதாயிரம் சொச்சம்.

1961 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வில் கஜேந்திரகட்கர் தீர்ப்பு எழுதினார். ஒப்பந்தம் செல்லாது, சரி. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டத்துக்கு உட்பட்டு ஒன்றைச் செய்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லை. மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். இந்த மூன்றும் இருந்தால் அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும், அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடமை ஒப்பந்தத்திலிருந்து வருவதில்லை, அனுபவித்ததிலிருந்து வருகிறது. வேண்டாம் என்று மறுக்க அரசுக்கு உரிமை இருந்தது. மறுக்காமல் வைத்துக்கொண்டு, காசு மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது.

கண்மாயை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைந்தது. திருப்பித் தருவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

அப்பாவுக்கு 70ஆம் பிரிவு இருந்தது. ஆனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அரசின் மேல் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேலைக்கு விலை கேட்கும் வழக்கை வேலை முடிந்த மூன்று வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். அப்பா கிட்டத்தட்ட அந்த மூன்று வருஷத்தையும் ஆபீஸ் வாசலில் நின்றே கழித்தார். ஆபீஸ் வாசலில் நிற்பது காலக்கெடுவை நிறுத்தாது.

பிறகு 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000இல் அதன் விதிகள். இந்தியாவில் இப்படிச் சட்டம் போட்ட முன்னோடி மாநிலங்களில் நாமும் ஒன்று. இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசர நிலை ஆகியவற்றுக்கு டெண்டர் இல்லாமலே வாங்கலாம் என்று அதன் 16ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் டெண்டர் வேண்டாம் என்பதற்கு எழுத்தே வேண்டாம் என்று பொருள் இல்லை. இப்போதும் மழைக்காலத்தில் ராத்திரி போன் வரும், 'முதல்ல அடைங்க' என்று. சின்ன ஒப்பந்ததாரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். போய் அடையுங்கள், ஆனால் அன்றைக்கு ராத்திரியே அந்த அதிகாரியின் ஆபீஸ் முகவரிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போடுங்கள்: 'தாங்கள் சொன்னபடி வேலை தொடங்கியிருக்கிறேன், இது இலவசம் அல்ல, அளவு எடுத்து எம்.புக்கில் ஏற்றவும்.' மூன்று வரி போதும். 70ஆம் பிரிவு கேட்கும் மூன்றுக்கும் நிரூபணத்தின் தொடக்கம் அதில் இருக்கிறது.

மண்டல் வழக்கை அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "எப்ப வேலை பாத்தாங்க, எப்ப தீர்ப்பு?" என்றார்.

"44ல வேலைப்பா. 61ல தீர்ப்பு."

"பதினேழு வருஷம்." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "எனக்கு சனிக்கிழமை கூலி குடுக்கணும்டா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷமா, வருத்தமா என்றும் எனக்குப் புரியவில்லை. அந்த நோட்டை மட்டும் திரும்பக் கேட்டார். ஸ்கேன் எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த குறிப்பில், 1979இல் பம்பாய் விமான நிலைய உணவகம் ஒன்றின் டெண்டரில் 'இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரர்' என்ற சொற்றொடர் எப்படி உச்ச நீதிமன்றம் வரை போனது என்று எழுதலாம் என்று இருக்கிறேன்.